பின் இடது சக்கரம்

பட்டென்று வெடிக்கிற டயர் யோக்கியன். நடுரோட்டில் மானத்தை வாங்கினாலும் "இனி என்னால் முடியாது" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுகிறது. ஜாக்கியைப் போட்டு, ஸ்பெயார் டயரை மாட்டி, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மெதுவாகக் காற்று இறங்குகிற டயர் அப்படியில்லை. சாயங்காலம் நிறுத்தும்போது கல்லு மாதிரி இருக்கும். காலையில் வந்து பார்த்தால் பாதி உட்கார்ந்திருக்கும். பம்ப் அடித்தால் எழுந்து நின்று நல்ல பிள்ளையாக ஓடும். அப்படி ஒரு டயர்தான் என் காரைத் தின்றது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் டயர் தின்றது என்றுதான் சொல்லி வந்தேன். தின்றது யார் என்று இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், பசறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வாடகைக்கு ஹயரிங் கார் ஓட்டினேன். எனக்குப் பக்கத்தில் அதே மாதிரிக் கார் ஒன்றை நிறுத்தி ஓட்டியவன் என் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு. அவன் காம்பிராவுக்கும் என் காம்பிராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் வீட்டில் கருவாடு வாட்டினால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். விடியற்காலைப் பனியில் பெரட்டுக் களத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து விடுவதுதான் எங்கள் அப்பன்மார் கண்ட காலை. எங்களுக்கு அது வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முடிவு பண்ணினோம். தோட்டத்து லொறியில் ஏறி இறங்கி, டிரைவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, திட்டு வாங்கி, ஓட்டப் பழகினோம். நான் கார் வாங்கியபோது என் மனைவியின் கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. பசறையில் ஒரு சின்ன அறைக்குக் குடிவந்தோம். கார் ஓடுகிற வரைக்கும் நான் டிரைவர், நின்றால் மறுபடி பெரட்டு. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவனுக்கும் நன்றாகவே தெரியும்.

என் காருக்கு ஒரு நிலையான ஹயர் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் பசறையிலிருந்து டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு மலை மேலே உள்ள எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இறக்கவேண்டும், மதியம் போய்க் கூட்டி வரவேண்டும். மற்ற ஓட்டமெல்லாம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. டீச்சர்மார் ஹயர்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரித்தது. பெரிய மாஸ்டர் நேரத்துக்குப் பேர்போனவர். மணி அடித்த பிறகு டீச்சர் வந்தால் டீச்சரை ஒன்றும் சொல்லமாட்டார், காரைத்தான் பார்ப்பார்.

அது எல்லாவற்றுக்கும் கியூ நின்ற காலம். பேக்கரியில் பாணுக்குக் கியூ, துணிக்குக் கியூ. புது டியூப் ஒன்று வேண்டுமென்றால் பதுளைக்கு நடையாய் நடந்து, எழுதிக் கொடுத்து, கும்பிட்டுக் காத்திருக்க வேண்டும். நானும் அவனும் ஒன்றாகத்தான் எழுதிக் கொடுத்தோம். எனக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. "அடுத்த மொற ஒனக்குத்தான் மச்சான்" என்றேன். "யாருக்குக் கெடச்சா என்னடா, ஒனக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரிதான்" என்றான். எவ்வளவு நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோனேன். அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

டியூப் கைக்கு வந்தபோது சரஸ்வதி பூசைக்கு இரண்டொரு நாள்தான் இருந்தது. பூசை அன்றைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது எல்லோரும் செய்வதுதான். என் மனைவி ஒரு படி மேலே போனாள். வெளியே வைக்கிற பொட்டெல்லாம் தோட்டத்து ரோட்டுச் சேற்றில் ஒரே நாளில் போய்விடுகிறதாம், சாமிக்கு அது தெரியவா போகிறதாம். புது டியூப்பை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தாள். மஞ்சளில் முக்கிய கயிறு ஒன்றை எடுத்து டியூப்பில் வால்வுக் குழாயின் அடிக்கழுத்தில் கட்டினாள்.

"ஏன்டி, டியூப்புக்குத் தாலியா கட்டுற?" என்றேன்.

"சும்மா இருங்க. உள்ளுக்க இருந்தா யாரு கண்ணும் படாது. இந்தக் கயிறு இருக்கிற வரைக்கும் காரு நிக்கக்கூடாதுன்னு கும்பிட்டிருக்கேன்."

அவள் கட்டியது கொழுந்துக்காரிகள் கூடைக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொழுந்தெடுத்தவள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மாட்டி முன்மயிர் தேய்ந்தவள், அவள் கைக்கு வேறு முடிச்சு வராது. கூட்டாளி பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டே பார்த்தான். "தங்கச்சி, எங் காருக்கும் சேத்துக் கும்பிடு" என்றான். "கும்பிட்டாச்சுண்ணே" என்று சிரித்தாள். அவள் அவனைக் கூடப்பிறந்தவனாகத்தான் நினைத்திருந்தாள். டியூப்பை டயருக்குள் வைத்துப் பின் இடது பக்கம் மாட்டினோம். மாட்டும்போது ரிம்மைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான்.

கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எழுந்து உட்கார முடியவில்லை. டீச்சர்மார் ஹயர் அறுந்துபோகுமே என்று நான் புலம்பியபோது அவன் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"நீ படுத்துக் கெட. ஒங் காரையே எடுத்துக்கிட்டுப் போய் நான் ஹயரைப் பாத்துக்கிறேன். எங் காரு ஸ்டாண்டுல கெடந்தா ஒண்ணும் கொறஞ்சி போயிறாது."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நாட்கள் முழுக்க அவன் என் காரை ஓட்டினான். வந்த காசைப் பைசா குறையாமல் அவள் கையில் கொடுத்தான். காய்ச்சல் விட்டு நான் எழுந்தபோது காரைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மறுநாள் காலையில் பின் இடது சக்கரம் உட்கார்ந்திருந்தது.

அவன்தான் முதலில் குந்திப் பார்த்தான். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தான், குமிழி வரவில்லை. சவர்க்காரத் தண்ணி கரைத்து டயர் முழுக்கத் தடவிப் பார்த்தோம், அங்கேயும் ஒன்றுமில்லை. ஆணி, முள், கண்ணாடித் துண்டு எதுவும் இல்லை. "எங் கையில இருந்தப்பதான் என்னமோ ஆயிருக்கு மச்சான். நாந்தான் பொறுப்பு" என்றான். நான் அவன் தோளைத் தட்டி, அப்படியெல்லாம் பேசாதே என்றேன். புது டியூப்பாச்சே, எங்கே போய்விடப் போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பசறையில் அப்போது நம்பிக் கொடுக்கக்கூடிய டயர் கடை கிடையாது, பதுளைக்குத்தான் போகவேண்டும். "ஒனக்கு ஹயர் இருக்கு, நான் எப்படியும் பதுளைக்குப் போறவன்தானே" என்று என் வழுக்கை ஸ்பெயாரை அன்றைக்கு மட்டும் மாட்டிவிட்டு, கழற்றிய சக்கரத்தைத் தன் காரில் போட்டுக்கொண்டு போனான். சாயங்காலம் கொண்டு வந்து, டியூப்பைத் தொட்டியில் முக்கிப் பார்த்ததாகவும், சின்னதாக ஒரு கசிவு, ஒட்டியாகிவிட்டது என்றும் சொன்னான். சில நாள் சரியாக இருந்தது. பிறகு பழையபடி இறங்கியது. மறுபடி கொண்டு போனான், மறுபடி ஒட்டி வந்தது, மறுபடி இறங்கியது. இரண்டு தடவையும் அந்த டியூப்பை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். சுவர் பங்கு போட்ட கூட்டாளி கொண்டுபோன சக்கரத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

அந்த மாதங்களில் என் காலை இப்படித்தான் விடிந்தது. பனியில் நனைந்த காரைச் சுற்றி வந்து முதலில் பின் இடது பக்கம் குனிவேன். பம்பைக் காலில் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிக்க ஆரம்பிப்பேன். காய்ச்சலில் வற்றிய உடம்பு, பாதியிலேயே மூச்சு வாங்கும். அவன் வந்துவிட்டால் "தள்ளு மச்சான்" என்று மீதியை அவன் அடிப்பான். நடுவில் என் பம்பின் தோல் வாசர் தேய்ந்து, காற்று டயருக்குப் போவதை விட என் முகத்தில் அடிப்பது கூடிப்போனது. அன்றைக்கு அவன் தன் டிக்கியைத் திறந்து தன்னுடைய பம்பையே எடுத்து என் கையில் வைத்தான்.

"வச்சிக்க. எனக்கு இப்ப தேவையில்ல."

நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன். எனக்கு இப்ப தேவையில்ல! பூசைக்கு முன்னால் நான் ஸ்டாண்டுக்கு வரும்போதெல்லாம் அவன் கையில் அந்த பம்ப் இருந்ததே, தினமும் எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஒரு மனுசன் தன் களவை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லமுடியும்? சொன்னான், நான் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

நேரம் பிந்த ஆரம்பித்தது. மலை ஏற்றத்தில் பாதிக் காற்றோடு ஓட்டமுடியாது, வழியில் நிறுத்தி அடிக்கவேண்டியிருந்தது. டீச்சர்மார் முதலில் பாவம் என்று பொறுத்தார்கள். பிறகு ஜன்னலால் மலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய மாஸ்டர் ஒரு நாள் வாசலிலேயே நின்று, "ஒங்க கார் ஓடுதா, நொண்டுதா?" என்று கேட்டார். மாதம் முடிந்ததும் வேறு கார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்கள். வேறு கார் யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. "வெளியாளுக்குப் போறத விட எங்கிட்ட இருந்தா நல்லதுதானே மச்சான். ஒன் வண்டி சரியானதும் திருப்பிக் குடுத்துர்றேன்" என்றான். அதற்கும் நான் சரி என்றேன். என் மனைவிதான் அன்று இரவு சாப்பிடவில்லை.

காற்றுக் குறைவாக ஓடி ஓடி டயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள் செத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. பசறையிலிருந்து பதுளைக்குப் போகிற வளைவு ஒன்றில் ஒரு நாள் அது படீரென்று போயிற்று. காரைச் சரிவில் போகவிடாமல் நிறுத்தியதே பெரிய காரியம். டயரைப் பிரித்தபோது டியூப் நார் நாராக வந்தது. அந்த நாருக்குள் மஞ்சள் கயிற்றைத் தேடினேன், இல்லை. கூட்டாளியிடம் கேட்டேன். "டயர் கடையில அறுத்துப் போட்டுட்டாங்க. ஒரசுதாம்" என்றான். பதுளை டயர் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "கயிறா? நாங்க கயிறு ஒண்ணும் காணல்லியே தம்பி. பழைய டியூப் ஒண்டுதான் வந்த" என்றார் அவர். அதைக் கூட்டாளியிடம் சொன்னபோது, "ஒரு நாளைக்கு எத்தன டியூப் பாக்குறாங்க, அவங்களுக்கு எது ஞாபகம் இருக்கும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

வழுக்கை ஸ்பெயார் அதற்கு முன்னாலேயே செத்திருந்தது, வேறு டயர் கிடைக்கவில்லை. பழையதுக்கு மேல் ரப்பர் ஒட்டி ரீபில்ட் பண்ணியது கூடக் கிடைக்கவில்லை. கார் வாசலில் மரக்குற்றி மேல் நின்றது, கோழி ஏறி உட்கார்ந்தது. கடைசியில் தெமோதரைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து அடிமாட்டு விலைக்கு அதை வாங்கி இழுத்துக்கொண்டு போனார். பசறை அறையைக் காலி பண்ணிக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பினோம். மச்சினன் காம்பிராவில் ஒரு மூலையில் சட்டி பானையை வைத்தோம். முதல் நாள் பெரட்டில் நான் போய் நின்றபோது கங்காணி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்து, "டிரைவரய்யாவுக்குக் கவ்வாத்து மலைதான். கார் அனுப்பவா, நடந்து போறீங்களா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. கத்தி வளைந்தது, கனமானது, தினமும் தீட்டவேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அந்தக் கத்தியை இடுப்புச் சாக்கில் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். லயத்துக்குக் கொஞ்சம் கீழே என் கூட்டாளியின் கார் ஜாக்கியில் நின்றது. டீச்சர்மார் மதகுக் கட்டில் உட்கார்ந்து குடையால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் டயரைப் பாதி பிரித்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தான்.

"ஆணி" என்றான். "ஸ்பெயார் போட்டாத்தான் என்னவாம்?" என்றேன். அதுவும் போய்விட்டதாம். டியூப்பை ஒட்டிவிட்டால் போதும், ஆனால் பம்ப் இல்லை, ஏதாவது லொறி வரும் என்று நிற்கிறானாம்.

"பம்ப் எங்கிட்டதானே இருக்கு. ஒன் பம்ப்தான். இரு, ஓடிப்போய் எடுத்தாறேன்."

"வேணாம் மச்சான், வேணாம். நீ வேல செஞ்ச ஒடம்பு, போய்ப் படு. நான் பாத்துக்கிறேன்."

எனக்காக எத்தனை காலை பம்ப் அடித்தவன். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவன் கூப்பிடக் கூப்பிட ஏறி ஓடினேன். பம்பை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க நான் வந்தபோது அவன் ஒட்டுப் போட்டு முடித்து டியூப்பை மடியில் அணைத்துக்கொண்டு குந்தியிருந்தான். "குடு, கொஞ்சம் காத்தடிச்சுப் பாப்போம்" என்று டியூப்பைப் பிடித்தேன். அவன் விடவில்லை. "விடுடா" என்று இழுத்தேன்.

பம்பின் வாயை மாட்டுவதற்கு என் கை வால்வுக் கழுத்துக்குத்தானே போகும். விரலில் என்னமோ நெருடியது. டியூப்புக்குப் போடுகிற வெள்ளைப் பவுடர் படிந்து இறுகிப்போன ஒரு வளையம். நகத்தால் சுரண்டினேன். பவுடருக்குக் கீழே மஞ்சள். இன்னும் சுரண்டினேன். கூடைக் கயிற்று முடிச்சு.

அவன் மனைவி பசறை டவுனில் பிறந்தவள். வாழ்நாளில் கூடை தூக்கியவள் இல்லை.

அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? என் காய்ச்சல், அவன் தலைமாட்டில் உட்கார்ந்தது, கழுவித் துடைத்த கார், எச்சில் தொட்டு வைத்தது, பதுளைப் பயணம், பம்ப், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் மோதியது. புது டியூப்பை எடுத்துக்கொண்டு தன் பழையதை எனக்கு வைத்தவன், அந்தப் பழையதுக்குப் பக்கத்தில் தினமும் என்னோடு குந்தியிருந்து, காற்று எங்கே போகிறது என்று என்னோடு சேர்ந்து தேடியிருக்கிறான். களவை விடு, களவெடுக்கிறவன் உலகத்தில் இருக்கிறான். தேடினானே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை.

இடுப்பிலிருந்த கத்தியை உருவினேன். அவன் எழுந்து இரண்டடி பின்னால் போனான். டீச்சர் ஒருத்தி குடையை மடக்கினாள். நான் குந்தியபடியே கத்தி முனையை வால்வுக் கழுத்துக்குக் கொண்டுபோனேன்.

"மச்சான்!" என்று முன்னால் பாய்ந்து வந்தான். "கயித்த மட்டும் அறுத்துறாத. அது பூசையில கட்டுன கயிறு. ஒனக்குப் புண்ணியமாப் போகும், அத அறுக்காத!"

கத்திக்குப் பின்வாங்கிய ஆள் கயிற்றுக்கு முன்னே வந்தான். இத்தனை நாளும் அதை அறுத்தெறியாமல் அவன் வைத்திருந்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுண்டல் தின்றுகொண்டே என் மனைவி கும்பிட்டதைக் கேட்டவன் அல்லவா? அவள் சாமிக்குப் பயந்திருக்கிறான். எனக்குப் பயப்படவில்லை, அவளுக்காக இரங்கவில்லை, கயிற்றுக்குப் பயந்திருக்கிறான்.

ஒரே இழுப்பில் அறுத்தேன். டியூப்பில் கீறல் கூட விழவில்லை. டியூப்பையும் பம்பையும் அவன் காலடியில் வைத்தேன்.

"வச்சிக்க. இப்ப ஒனக்குத் தேவைப்படும்" என்றேன்.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து, "தங்கச்சிகிட்ட சொல்லிறாத மச்சான்" என்றது மட்டும் கேட்டது.

சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தவளிடம் கையைத் திறந்து காட்டினேன். அறுபட்ட இடத்தைப் பார்க்காமல் முடிச்சைப் பார்த்தாள். தன் முடிச்சு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியுமே.

"எங்க இருந்திச்சி?"

"ஒங்கண்ணன் கார்ல."

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றை உள்ளங்கையில் வைத்து முடிச்சை விரலால் நீவினாள். கீழே ரோட்டில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது வளைவைத் தாண்டிப் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"நான் கும்பிட்டது பலிச்சிருக்குங்க. கயிறு இருந்த வரைக்கும் காரு நிக்கல. யாரு காருன்னு மட்டும் அம்மாகிட்டச் சொல்லாம விட்டுட்டேன்."